மஞ்சள் கறையும் மாத்திரையும்

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. போன வருடம் துபாயிலிருந்து தம்பி, "சர்க்கரைக்கு நல்லதாம்க்கா" என்று குரோமியம் மாத்திரை கொடுத்தனுப்பினான். சாப்பிட்ட மாதமே விரல்களில் குழி குழியாகப் புண்கள். மாத்திரைதான் காரணமென்று நிறுத்தினேன், ஆறவில்லை. சர்க்கரைப் புண்ணோ என்று பயந்து மறுபடி விழுங்கினேன், அப்போதும் ஆறவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா கையைப் பார்த்ததும், "வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாரு?" என்றார்.

"ராஜபாளையத்துல, சைக்கிள் சாமானுக்குக் குரோமியம் முலாம் போடுத பட்டறைல இருக்காவ."

"அவர் சட்டைய யார் துவைக்கிறது?"

"நான்தான். மஞ்சக்கறை லேசுல போகாது, கையாலேயே கசக்குவேன்."

"புண்ணு அதனாலதான். சட்டைல தெறிக்குற முலாம் தொட்டித் தண்ணியில இருக்குற குரோமியம் தோலை அரிக்கும். மாத்திரைல இருக்கது வேற வகை, இப்படிப் புண்ணாக்காது. ஆனா, அதை நம்பி நான் சர்க்கரைக்குத் தர்ற மாத்திரைய விட்டுடாதீங்க."

ஒரே பெயரில் ஒன்று மருந்து, ஒன்று விஷமா? நான் எழுந்தபோது டாக்டரம்மா கேட்டார்: "அந்தத் தொட்டி ஆவி மூக்கையும் அரிக்கும். உங்க வீட்டுக்காரருக்கு மூக்குல ரத்தம் வருமா?"

வரும். உடம்புச் சூடு என்று இரண்டு வருடமாக இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பட்டறைச் சட்டை வீட்டுக்கு வருவதில்லை. மாதாமாதம் டாக்டரம்மாவிடம் நான் கையைக் காட்டுகிறேன், என் வீட்டுக்காரர் மூக்கைக் காட்டுகிறார்.