கெய்ரோவில் தவம் அண்ணை பார்க்காதது

தவம் அண்ணை இறந்த செய்தியை பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே முன்னால் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குச் சொன்னவர், கையில் மீன் பையோடு வந்த ஒரு தெரிந்தவர். “உமக்குத் தெரியாதே? விடியப்புறம் முடிஞ்சுதாம்” என்றார். மீன் பழுதாகிவிடும் என்று சொல்லி நடந்துவிட்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மரணச்சடங்கில் நம் சங்கத் தலைவர் பேசினார். எகிப்துக்குப் போய்ப் பிரமிட்டைக் கண்ணால் கண்டு, ஆசை நிறைவேறிப் போன மனிதர் என்றார். அங்கே நின்ற நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். அண்ணை உயிரோடு இருந்தபோது இதே தலைவர் தேநீர்க் கோப்பையோடு நின்று, “சொந்தங்களைப் பாக்க நேரமில்லை, செத்த ராசாமாரைப் பாக்கப் போறாராம்” என்று சொன்னதற்கும் நீங்கள்தான் சிரித்தீர்கள். அவரோடு கெய்ரோவுக்குப் போனவன் நான். அவர் பிரமிட்டைப் பார்க்கவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அது தெரியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவரும் நானும் ஊரில் ஒரே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர்கள். அவர் எனக்கு மூத்த வகுப்பு. இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் இருந்த காலத்தில் அந்தப் பட்டத்தைப் பற்றி ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. அவர் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் சமைத்து, துடைத்து, அவருடைய வயதான தாயையும் பார்த்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவுவது என் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு நூதனசாலைக்குக் கட்டணம் இல்லை. அன்று இருவரும் போய் எகிப்திலிருந்து வந்த ஒரு கறுப்புக் கல்லின் முன்னால் நிற்போம். பழைய அரசர்களின் ஆண்டுகளைக் கட்டம் கட்டமாகப் பொறித்த கல். ஒரு கட்டம் ஒரு வருடம். அந்த வருடம் நடந்த விழாவும், நைல் நதி ஏறிய அளவும் அதில் இருக்கும். “எங்கடை கட்டத்துக்குள்ளை என்னத்தை எழுதுவாங்கள்?” என்று ஒருமுறை கேட்டார். பிறகு அவரே சொன்னார்: “பெர்மெஸ்ஸோ புதுப்பிச்சது. வேறை என்ன.” இத்தாலியில் தங்க எங்களுக்குத் தரும் அனுமதி அட்டை அது.

ஒரு ஞாயிறு சில குடும்பங்களையும் கூட்டிப் போனார். பெண்ணுருவில் செதுக்கிய பழைய கல்லுச் சவப்பெட்டிகளைக் கண்டதும் பெண்கள் தயங்கினார்கள். வீட்டுக்குப் போய் முழுகாமல் அடுப்படிக்குள் போகலாமோ என்று ஓர் அக்கா கேட்டார். அண்ணை முகம் மாறாமல், “முழுகுங்கோ பிள்ளை. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலை பழகின துடக்கு, லேசிலை போகாது” என்றார். அந்த அக்கா உண்மையிலேயே எல்லாப் பிள்ளைகளையும் முழுக வார்த்தார். அன்று அண்ணை சிரித்ததைப்போல அதன்பிறகு சிரித்து நான் காணவில்லை.

எகிப்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம். முதல்முறை ஆயத்தமானபோது பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்தபடி பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்தது. கையில் இருந்த ரசீதோடு ஊருக்குப் போய்வரலாம், வேறு நாட்டுக்குப் போக முடியாது. அட்டை வந்தபோது வழக்கறிஞரின் தாய், அண்ணை சிஞ்ஞோரா என்று கூப்பிடும் கிழவி, படுக்கையில் விழுந்தார். அம்மாவின் காலம் முடியட்டும், பிறகு விரும்பிய இடத்துக்குப் போ என்றார் வழக்கறிஞர். சிஞ்ஞோரா வருடக்கணக்காகப் படுத்திருந்தார். அதற்குள் சர்க்கரை வியாதி அண்ணையின் ஒரு கண்ணை முழுதாகத் தின்றுவிட்டது. கனடாவில் இருந்த தம்பியார், எகிப்துக்கு எடுத்துவைத்த காசில் தன் மகளின் கலியாணத்துக்கு வந்திருக்கலாமே என்று கோபித்துக் கதைப்பதை விட்டார். சிஞ்ஞோராவின் அடக்கம் முடிந்த பிறகுதான் நாங்கள் விமானம் ஏறினோம்.

முதல் நாள் கெய்ரோவின் பெரிய நூதனசாலை. மறுநாள் பிரமிட். அதுதான் திட்டம். கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் நீலநிறச் சிறு பொம்மைகள் நெருக்கமாக நின்றன. அண்ணைக்கு எழுத்துத் தெரியவில்லை. “என்னவாம், வாசியும்” என்றார். வாசித்துச் சொன்னேன். எசமானோடு கல்லறைக்குள் வைக்கும் வேலைக்காரப் பொம்மைகள் அவை. மறுவுலகில் அவரை வேலைக்குக் கூப்பிட்டால், அவருக்குப் பதிலாக “இந்தா நிக்கிறன்” என்று எழும்பிப் போகவேண்டும்.

“செத்த பிறகுமோ?” என்றார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. வழக்கறிஞர். எடுக்கவேண்டாம் என்று நான் அவருடைய கையைப் பிடித்தேன். அதற்குள் அவர் நிமிர்ந்து நின்று, “எக்கோமி, அவொக்காத்தோ” என்றார். இந்தா நிக்கிறன், ஐயா. ஏதோ அலுமாரித் திறப்பை எங்கே வைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இடத்தைச் சொன்னார். அந்தச் சாவியை அவர்கள் தேடி எடுக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் முன்னால் நின்றார். கிடைத்ததும் எனக்கு, “வாரும், போவம்” என்றார். அதற்குப் பிறகு ஒரு பொருளையும் அவர் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் விடுதியில் அவரோடு சண்டை பிடித்தேன். போனை நிப்பாட்டுங்கோ, நாளைக்கு ஒரு நாளாவது உங்களுடையதாக இருக்கட்டும் என்றேன். அவர் கட்டிலில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“போனை நிப்பாட்டலாம் தம்பி. காது நிண்டுகொண்டெல்லோ இருக்கும், கூப்பிடுதோ எண்டு. அந்தப் பிரமிட்டும் ஆரோ கூப்பிட்ட உடனை ஓடி வந்தவங்கள் கட்டினதுதானே. நான் வரேல்லை. நீர் போய்ப் பாரும்.”

நான் போகவில்லை. மறுநாள் காலை அவர் எழும்பவுமில்லை. வெயில் கட்டில்வரை வந்த பிறகும் வாயைத் திறந்தபடி, ஒரு கை நிலத்தைத் தொட, சுவர்ப் பக்கம் புரண்டு கிடந்தார். மேசையில் இருந்த போன் அதிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், இத்தாலிய மொழியில், அவர் இங்கே இல்லை என்று சொல்லித் துண்டித்தேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். வெளியே வெள்ளைக்காரர்களைப் பிரமிட்டுக்கு ஏற்றிக்கொண்டு வண்டிகள் புறப்பட்டன. மத்தியானம்வரை அவர் குறட்டை விட்டார். அத்தனை வருடங்களில் அவரை யாரும் எழுப்பாத ஒரு காலையை நான் கண்டது அன்று மட்டும்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காலை. மரணச்சடங்கில் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள், நித்திரை கொள்ளுகிற மாதிரியே கிடக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டீர்கள். கைகளை நெஞ்சில் ஒழுங்காக வைத்து, தலை சீவி, சேர்ட்டின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, கூப்பிட்டால் எழும்பி வரத் தயாராகக் கிடந்தார். அவர் நித்திரை கொள்வது அப்படியல்ல. நான் பார்த்திருக்கிறேன்.