அலுமாரிக்குள் ஒரு லயம்

போன கிழமை ஒரு மழைநாளில் என் மகள் பள்ளியிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தாள். காலுறைகள் இரண்டையும் கழற்றி ரவுட்டரின் மேல் காயப்போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சற்று நேரத்தில் வீடெல்லாம் ஒரு வாடை. "இதென்னங்க கருமம்!" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். நியாயமாக நானும் சத்தம் போட்டிருக்க வேண்டும். நானோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சூடேறிய தூசியும் ஈரத் துணியும் கலந்த அந்த வாடை என்னை நேரே இலங்கை மலையகத்து ஹட்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள், சொல்கிறேன்.

ஹட்டன் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கடை இருந்தது. கொமியூனிகேஷன் என்று பலகையில் எழுதியிருக்கும். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம், போட்டோ கொப்பி அடிக்கலாம், இன்டர்நெட் பார்க்கலாம். கீழே பாண் வேகும் வாசனை படி ஏறி வந்து எங்கள் மத்தியானப் பசியைக் கெடுக்கும், அல்லது கிளப்பும். சண்டை ஓய்ந்து, பேச்சுவார்த்தை நடந்து, நாடு கொஞ்சம் மூச்சு விட்ட காலம் அது. யாழ்ப்பாணத்துப் பஸ்கூட ஓடத் தொடங்கியிருந்தது. எல்லோருக்கும் ஏதாவது புதிதாகத் தொடங்க வேண்டும் என்ற ஆசை. எங்கள் முதலாளிக்கு அது சேர்வர் ஆசையாக வந்து வாய்த்தது.

கொழும்புக்குப் போனவர் ஒரு பழைய மெசினையும் லினக்ஸ் சீடிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். "எத்தன நாளைக்குத்தான் வெப்சைட்டுக்கும் ஈமெயிலுக்கும் கொழும்பான் வாசல்ல போய் நிக்கிறது தம்பி? நம்மளே போடுவோம்" என்றார். எனக்கு லினக்ஸ் தெரியும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ நான்தான். வேலைக்குச் சேரும்போது வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஒன்று மினுங்கிக்கொண்டு என் கட்டளைக்காகக் காத்து நின்றபோது நான் சீடி உறையின் பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் வில்லன் லினக்ஸ் அல்ல, பனி. ஹட்டனில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி கேட்காமலே உள்ளே வந்து குந்திக்கொள்ளும். மெசின் ஈரம் குடித்து அடிக்கடி நின்றது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் புஷ்பா. கடையில் டைப் அடிக்க இருந்தவள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மூலையில் கிடந்த மர அலுமாரியின் முதுகில் ஓட்டைகள் போட்டு, மெசினை உள்ளே வைத்து, பக்கத்தில் சூட்டுக்கு ஒரு மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டாள். அடேயப்பா, அதற்குப் பிறகு மெசின் மட்டும் அல்ல, நாங்களும் சுகமாக இருந்தோம். நனைந்த காலுறை, கம்பளித் தொப்பி, அவளுடைய ஸ்வெட்டர் எல்லாம் அந்த அலுமாரிக்குள்தான் காய்ந்தன. என் மகளுக்கு இந்தப் புத்தி யாரிடமிருந்து வந்தது என்று நான் மனைவியிடம் சொல்லவில்லை.

புஷ்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். 'இந்தாங்க' என்பாள், அவ்வளவுதான். அண்ணே என்றும் சொல்ல மாட்டாள். அண்ணே என்று சொல்லாததை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது; இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

லினக்ஸைப் போடும்போது மெசினுக்கு ஒரு பெயர் கேட்டது. "என்னா பேரு வைக்க?" என்றேன். "லயம்னு வைங்க. நம்ம தோட்டத்து லயம் மாதிரி ஒரே கூரை, வரிசையா வீடு. அதத்தானே செய்யப் போறீங்க?" என்றாள். அதுதான் வேலையும். ஒரே மெசினில் நான்கு டொமைன்கள், அதாவது நான்கு பேருடைய இணையப் பெயர்கள், குடியிருக்க வேண்டும்: நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதி, ராகலையில் ஒரு மரக்கறி முதலாளி, ஓர் ஆசிரியர் சங்கம், எங்கள் கடை. யார் கதவைத் தட்டினாலும் அவரவர் வீடு திறக்க வேண்டும்.

முதல் நாள் எல்லாக் கதவுக்கும் விடுதிதான் திறந்தது. ராகலை முதலாளி போனில் பிடித்தார். "தம்பி, என் கோவா, லீக்ஸ் மரக்கறிப் படமெல்லாம் எங்கப்பா? கொழும்பு வியாபாரிக்கு பெருமையா தொறந்து காட்டுறேன், எவன் வீட்டு பாத்ரூம் படமோ வருது!" புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு முழுக் கிழமை மண்டையை உடைத்த பிறகு, ஒரு கோப்பில் நான் எழுத மறந்த ஒரே வரிதான் காரணம் என்று தெரிந்தது. அதை எழுதியதும் கோவா கோவாவாகவும் பாத்ரூம் பாத்ரூமாகவும் பிரிந்தன.

தபால் விஷயத்தில் மட்டும் நான் பிழை விட்டதே எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லயத்து வீடுகளுக்கு அப்போது தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்தின் பெயருக்கு வந்து ஆபீசில் இறங்கும். கிளாக்கர் ஐயா பிரித்து வைப்பார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். கடிதம் என்றால் அப்படித்தான் வரும் என்று நினைத்தே வளர்ந்தவன் நான். ஆகவே சேர்வரிலும் அப்படியே செய்தேன். எந்த டொமைனுக்கு, எந்தப் பெயருக்கு வந்தாலும் சரி, எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழட்டும் என்று எழுதிவிட்டேன். காலையில் நான் அந்தப் பெட்டியைத் திறந்து பிரிண்ட் எடுப்பேன். புஷ்பா கடை வாசலில் நின்று, "சங்கத்து தயாபரன் சேருக்கு ரெண்டு! ராகலைக்கு ஒண்ணு!" என்று கூப்பிடுவாள். வராதவர்களுக்குப் போன் போட்டுச் சொல்வோம். ஈமெயில் சேவை பிரமாதமாக நடக்கிறது என்று எனக்கு வாயெல்லாம் பல்.

தயாபரன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் கணக்குப் படிப்பித்தார். அமைதியான மனிதர். ஒருநாள் கையில் பிரிண்டுடன் என்னிடம் வந்தார்.

"தம்பி, எனக்கு வாற கடிதத்தை நீர் ஏன் வாசிக்கிறீர்? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கேலாதோ?"

"வைக்கலாம் சேர். ஆனா அப்புறம் யாரு பிரிச்சுக் குடுக்கிறது?"

சேர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அதுக்குத்தானே மெசின்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். நான் சிரித்தேன். புஷ்பா சிரிக்கவில்லை. டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை ஆசிரியர் நியமனத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். இன்டர்வியூக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையிலேயே கிடந்துவிட்டது. அவள் கைக்கு வந்தபோது இன்டர்வியூ முடிந்து, வேறு யாரோ அந்த வேலையில் சேர்ந்தும்விட்டார்கள். கடித உறை ஏற்கெனவே பிரிந்திருந்ததுதான் அவளுக்கு அதைவிட ஆறவில்லை. "என் பேர்ல வந்தத எனக்கு முந்தி யாரு பாத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க" என்று ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள். நான் 'ச்சொச்' கொட்டிவிட்டு மீன் வைத்த மாலு பணிஸைத் தின்றேன். இந்த முறை கொழும்பில் ஒரு கப்பல் கம்பனிக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்ததும், அதில் தோட்டத்து முகவரிக்குப் பதிலாக, புஷ்பா என்று எங்கள் கடை டொமைனில் இல்லாத ஓர் ஈமெயில் முகவரியைத் தானாகவே எழுதிக் கொடுத்திருந்ததும் எனக்கு அப்போது தெரியாது. எப்படியாவது அந்தப் பெட்டியைச் செய்து தரும்படி என்னிடம் கேட்க நினைத்திருக்கிறாள். கேட்கக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

அந்தப் பெயரில் பெட்டி இல்லை. ஆனால் எதையும் திருப்பி அனுப்பாத என் பொதுப்பெட்டி இருந்ததே! ஒரு காலையில் அதைத் திறந்தேன். புஷ்பாவுக்கு இன்டர்வியூ என்று கப்பல் கம்பனி எழுதியிருந்தது. உடனே பிரிண்ட் எடுத்தேன். கடை நிறைய ஆட்கள். அன்றைக்கு நானே வாசலில் போய் நின்று, பெரட்டில் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன். "புஷ்பா! கொழும்பிலிருந்து இன்டர்வியூ வந்திருக்கு!" பேக்கரிக்காரர்கள்வரை கேட்டிருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ கீழேயிருந்து பணிஸ் வாங்கிவந்தார்கள்.

புஷ்பா தாளை வாங்கி வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன், நான் ஒரு மடையன்.

"முழுசா வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். திங்கக்கிழமை போகணும்."

"நல்ல சேதிதாங்க. நேரத்துக்கு வந்திருச்சு, அதுக்கு நீங்கதான் காரணம். ஆனா இதையாவது நான் மொதல்ல பாத்திருக்கக்கூடாதா?"

அன்று மத்தியானமே மெசினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கிழமை முழுவதும் உருண்டு புரண்டு, ஒவ்வொரு டொமைனுக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் தனிப்பெட்டி வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் பெட்டி புஷ்பாவுக்கு. அவள் கடவுச்சொல் அடிக்கும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். "இது என் கையில இருக்கிற மெசின். நான் நெனச்சா இப்பவும் எந்தப் பெட்டியையும் தொறக்கலாம் புஷ்பா."

"தெரியுங்க" என்றாள். "நெனக்காதீங்க."

நான் நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய சொல் அது ஒன்றுதான் என்று என் மனைவிகூடச் சாட்சி சொல்வாள், விஷயம் தெரிந்தால்.

அவளுக்கு வேலை கிடைத்தது. போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பெட்டிக்கு வர்றதெல்லாம் கம்பனியில குடுத்த என் புது அட்ரசுக்குத் திருப்பி விடுறீங்களா?" அது பெட்டிக்குள் ஒரு வரி எழுதும் வேலை. எழுதிக் கொடுத்தேன். அலுமாரியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். போனில் இரண்டொரு தடவை பேசினோம். பிறகு அவளும் கூப்பிடவில்லை. எனக்கும் கூப்பிட ஒரு சாட்டு கிடைக்கவில்லை.

ஆனால் மெசின் இருந்தது. அது வரவு போக்கைத் தன்பாட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். புஷ்பாவுக்கு ஏதோ வந்தது, திருப்பி விடப்பட்டது என்று திரையில் ஒரு வரி ஓடும். என்ன வந்தது, யார் எழுதியது என்று நான் போய்த் துருவவில்லை. அவளுக்குக் கடிதம் போய்ச் சேருகிறது, ஆகவே நன்றாக இருக்கிறாள், அவ்வளவுதான். காலையில் அந்த வரியைப் பார்த்தால்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். ஒருநாள் திருப்பி விடும் முகவரி மாறியிருந்தது. தூரத்திலிருந்தே தன் கடவுச்சொல்லைப் போட்டு அவளே மாற்றியிருந்தாள். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான முகவரி. எந்த ஊர் என்று அதில் தெரியவில்லை. கப்பல் கம்பனியை விட்டுவிட்டாள் என்பது மட்டும் விளங்கியது.

பிறகு காலம் எங்கள் படியேறி வருவதை நிறுத்திவிட்டது. எல்லோரும் இலவச ஈமெயிலுக்குப் போனார்கள். தயாபரன் சேர் மாற்றலாகி ஊருக்குப் போனார். விடுதி கொழும்பிலேயே வெப்சைட் வைத்துக்கொண்டது. ராகலை முதலாளி கடைசிவரை விசுவாசமாக இருந்துவிட்டு, கைப்பேசி ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டார். முதலாளி கடையை மூட முடிவெடுத்தார். எனக்கும் கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு வேலை சரிவந்தது.

கடைசி நாள், நல்ல வெயில் அடித்த ஒரு பின்னேரம், அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்து புஷ்பாவின் பழைய முகவரிக்கு நானே ஓர் ஈமெயில் எழுதினேன். கடையை மூடுகிறோம், இனி இந்த முகவரி வேலை செய்யாது என்று எழுதினேன். சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது நினைவிருக்கிறதா என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினேன். நேரம் கிடைத்தால் பதில் போடுங்கள் என்று முடித்தேன். திரையில் அந்த வரி ஓடியது: வந்தது, திருப்பி விடப்பட்டது. மனம் லேசாகிவிட்டது. மெசினை நிறுத்தினேன், பல்பை அணைத்தேன், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கினிகத்தேனையில் பஸ் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பதில் போடச் சொல்லியிருக்கிறேன். எங்கே போடுவாள்? என் முகவரியும் அந்த மெசினில்தானே இருந்தது! பேயறைந்த மாதிரி இறங்கி முதலாளிக்குப் போன் போட்டேன். "மெசினா? அத இப்பத்தான் பழைய இரும்புக்காரன் ஏத்திட்டுப் போறான் தம்பி. அலுமாரிய மட்டும் நான் வச்சுக்கிட்டேன்" என்றார். அவளுடைய அந்த நீளமான முகவரியும் மெசினோடு போய்விட்டது. மெசின் இருக்கும்போது அதைப் பாடமாக்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது நாம் யாருடைய போன் நம்பரையாவது நினைவில் வைத்திருக்கிறோமா?

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது போன் கடை. லயங்களில்கூட ஆளுக்கொரு போன். யாருக்கு என்ன வந்தாலும் சட்டைப்பைக்குள்ளேயே அதிர்ந்து அடங்கிவிடுகிறது. வாசலில் நின்று பெயர் கூப்பிட ஆளில்லை. அது நல்லதுதான், புஷ்பா கேட்டதும் அதைத்தான். அவள் பதில் எழுதியிருந்தால் அது சில நாட்கள் இல்லாத மெசினின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை என்று அவளிடமே திரும்பிப் போயிருக்கும். என்ன எழுதினாள் என்றுகூட எனக்கு வேண்டாம். எழுதினாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்.