தாழ் போட்ட அறைக்கு மதிப்புப் போட்டது

எனக்கு ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வயதிலும் அப்படித்தான். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்த புதிதில் கேட்கவே வேண்டாம், பால்காரரிடம்கூடப் பேசாமல் செம்பை மட்டும் நீட்டுவேன்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை உடமைக்காரர் விற்கப்போவதாகச் சொன்னார். நாகர்கோவில் பக்கத்து மனிதர். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிய மறுவருஷம் அது. அவர் மூவாயிரம் கேட்டார். என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். என் வளையலையும் விற்றால் இரண்டாயிரத்து நானூறு தேறும். கடைசியில், மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை மதிப்புப் போடச் சொல்வது, அவர் போடும் தொகைக்கு இரண்டு பேரும் கட்டுப்படுவது என்று பேசிக்கொண்டார்கள். தொகை கூடிப்போனால் நாங்கள் வேறு வீடு தேடவேண்டும். எனக்கோ அந்த வீட்டை விட மனமில்லை. அடுக்களையில் நின்றபடியே கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம், தெருவில் ஒருவர் முகத்திலும் விழிக்க வேண்டாம்.

வீட்டின் குறையெல்லாம் பின்பக்கத்துச் சாமான் அறையில்தான். கூரை ஒழுகும், உத்திரம் முழுக்கக் கறையான். உடமைக்காரரைத் தான் முன்பக்கம் பேச்சுக்கொடுத்து நிறுத்திக்கொள்வதாகவும், நான் அந்த அறையில் நின்று ஓவர்சியருக்கு எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்றும் வீட்டுக்காரர் சொன்னார். தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

ஓவர்சியர் அளவு நாடாவோடு உள்ளே வந்த சத்தம் கேட்டதும் கால் தானாக நகர்ந்தது. அவர் கூடத்தை அளந்தபோது நான் அடுக்களையில் இருந்தேன். அவர் அடுக்களைக்கு வந்தபோது சாமான் அறைக்குள். அதற்கு அப்பால் போக இடமில்லை, உள்ளே தாழ் போட்டுவிட்டேன்.

அவர் தட்டினார். பிறகு என் வீட்டுக்காரர் வந்து தட்டினார், கெஞ்சினார். உடமைக்காரரும் பின்னாலேயே வந்துவிட்டார். என் கை தாழ்ப்பாள்வரை போகும், திரும்பி வரும். கறையானைப் பற்றியும் ஒழுக்கைப் பற்றியும் வீட்டுக்காரர் வெளியே நின்றே சொல்லிப் பார்த்தார்.

“காணாத்த அறைக்குக் குறை எழுத ஒக்காது. நல்ல அறைன்னுதான் போடுவேன்” என்றார் ஓவர்சியர்.

உடமைக்காரருக்குக் குஷி. “ஒழுகுத கூரைக்குக் கீழ ஒரு புதுப்பொண்ணு இப்படிக் குடியிருப்பாளா ஓய்? நல்ல அறைன்னே எழுதும்.”

எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து கண்ணில் பட்டது. ஈர்க்குமாறால் கறையான் மண்ணைக் கூட்டி அது வழியாகத் தள்ளினேன். உத்திரத்தில் எட்டிப் பிடித்த இடத்தைக் கிள்ளினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது, அதையும் தள்ளினேன்.

ஓவர்சியர் இருமிக்கொண்டார். “மோளே, மழை ஒழுகுமோ?” என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

ஒழுக்குக்குக் கீழே வைத்திருந்த பாத்திரம் முந்தின நாள் மழையில் நிறைந்திருந்தது. அப்படியே சந்தில் கவிழ்த்தேன். அவர் துள்ளி விலகிய சத்தம் கேட்டது. நாடாவும் நனைந்துபோயிற்றாம்.

“அது குடிக்க வச்ச தண்ணியாக்கும்” என்று உடமைக்காரர் சாதித்தார்.

குடிக்கும் தண்ணீரில் ஓட்டுப் பாசி ஏது என்று ஓவர்சியர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தண்ணீருக்குப் பின்னால் ஒரு தவளைக்குஞ்சும் சந்து வழியாக வெளியே குதித்தது. என்னைவிட அதற்குத் தைரியம்.

பிறகு நெடுநேரம் பென்சில் கீறும் சத்தம் மட்டும். இரண்டாயிரத்து முன்னூற்று ஐம்பது என்று படித்தார்.

“அந்தத் தவளைக்கு எவ்வளவு கழிச்சீரு?” என்றார் உடமைக்காரர்.

“தவளைக்கு ஒண்ணும் கழிக்கல்ல. அது வீட்டோட சேர்ந்ததாக்கும்.”

முணுமுணுத்துக்கொண்டே உடமைக்காரர் ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரர் கதவோடு வாயை வைத்து, “ஏட்டி, வீடு நமக்குத்தான். இனியாவது தெற” என்றார்.

“அவங்க போயாச்சா?” என்று கேட்டேன்.

போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்த வீட்டில் என் முதல் அரைமணி நேரம் கறையானோடுதான் கழிந்தது.