குஞ்சின் காயத்தில் நான் பூசிய சிவப்பு

தாழ்வுபாட்டுக் கிராமத்தில் எங்கள் பெட்டைக்கோழியைக் கீரி பிடித்ததால், அது பொரித்த பதினொரு குஞ்சுகளையும் சூட்டுக்கு அரிக்கன் லாம்பு வைத்த பலகைப் பெட்டியில் வளர்த்தேன். ஒரு கிழமையில் மற்றவை ஒன்றின் வாலடியைக் கொத்திப் புண்ணாக்கின. எங்கள் காயங்களுக்குப் போடுவதுபோல மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, அதைத் திரும்பவும் பெட்டிக்குள் விட்டேன். இரத்தம்போலச் சிவந்த பூச்சைக் கண்டதும் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன.

“டாக்குத்தர் ஐயா, சிவப்பைப் பூசிவிட்டால் அதுகள் கொத்தாமல் கும்பிடுமோ? தூக்கடா கெதியா!” என்று அக்கா கத்தினார்.

துடித்த குஞ்சைத் தூக்கிப் பூச்சைக் கழுவினேன். தேங்காயெண்ணெயில் அடுப்புக்கரி குழைத்துச் சிவப்பு தெரியாதபடி தடவி, லாம்படியில் தனி ஓலைக் கடகத்தில் வைத்தேன். நெருக்கம் குறைய மற்றவற்றை இரண்டு பெட்டிகளில் பிரித்துவிட்டு, கொத்துவதற்குக் கீரைக்கட்டும் தொங்கவிட்டேன். அந்தக் குஞ்சு பிழைத்தது.

இப்போது ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் முதலில் குஞ்சைப் பிரிக்கிறேன், மருந்து பிறகுதான். புதுத்தோல் மூடும்வரை கூட்டத்துக்குள் விடுவதேயில்லை.