பானெட்டிலிருந்து எழுந்த பனி

ஆலங்கட்டி மழையில் எங்கள் கார் பானெட் முழுக்கச் சொட்டை விழுந்தது. எங்கள் மலையூரான வாசலூர்பட்டியில், வீட்டு வாசலிலேயே சொட்டைகளைப் பட்டி மாவால் நிரப்பித் தேய்த்தேன். மூடுபனியில் ஈரமாகிக் கிடந்த பட்டி காயுமுன்பே, அவசரப்பட்டு அதன்மேல் பானெட்டையே மூடும் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன்.

மறுநாள் மனைவியோடு மலையிறங்கினேன். கொண்டை ஊசி வளைவொன்றில், கண்ணாடிக்கு முன்னே மெல்ல ஒரு வெண்மை எழுந்து சாலையை மூடியது.

"பனி இறங்கிருச்சு கண்ணு" என்று, பழக்கத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன்.

"ஏனுங்க, எம்பக்கம் வெயிலடிக்குதுங்க. இது பனி இல்லீங்க, நம்ம ஸ்டிக்கரு உரிஞ்சு எழும்பி நிக்குதுங்க. நிறுத்துங்க."

நிறுத்தினேன். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளம்.

அதன்பின் பட்டியை நன்றாக வெயிலில் காயவிட்டுத்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன். இப்போதெல்லாம் நிஜமாகவே பனி இறங்கினாலும், வண்டியை ஓரங்கட்டி, கையை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.