சேஷனுக்காக நேர்ந்த தேங்காய்

சென்ற மாதம் ஒரு காலையில் சேஷன் மனைவி லலிதா மன்னி போன் செய்து, "உங்க சிநேகிதர் போயிட்டார்" என்றார். "எப்படி?" என்றேன். "ஹார்ட்." அப்பாடா என்றிருந்தது எனக்கு. கரமனையில் ஒரே தெரு, ஒரே அலுவலகம். அப்படிப்பட்ட நண்பன் செத்ததற்கு அப்பாடா என்பவன் என்ன மனிதன்? இன்னும் புரியவில்லை.

சேஷனுக்கு மனச்சோர்வு நோய் என்பது நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் மறைத்ததில்லை. எனக்குத்தான் அது கடைசிவரை பிடிபடவில்லை. கேன்டீனில் எல்லோரையும் சிரிக்க வைத்தவன், மறுநாள் குளிக்கக்கூட எழாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பான். "அப்படி என்னடா கவலை உனக்கு?" என்று ஒருமுறை கத்திவிட்டேன். "கவலை இருந்தா தேவலையேடா. உள்ளே ஒண்ணுமே இல்லை" என்றான்.

ஆளாளுக்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு அவன் பெயரில் தேங்காய் உடைத்தோம். கொஞ்சம் தெளிந்தான். உடனே, "அதான் பிள்ளையார் பாத்துண்டாச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்று மொய்த்துக்கொண்டோம். நிறுத்தினான். மழைக்காலம் முடிவதற்குள் முன்னைவிட மோசமாக விழுந்தான். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றான். மன்னிதான் டாக்டரிடம் திரும்பக் கூட்டிப்போனார். தேறி வந்தவன் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "தேங்காய் பிள்ளையாருக்கு, மாத்திரை எனக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கோ."

அந்த நாட்களில் நானும் ரகசியமாக ஒன்று நேர்ந்துகொண்டேன். இந்த நோய் அவனைக் கொண்டுபோகாவிட்டால் ஒரு தேங்காய். ஆனால் எப்போது உடைப்பது? நோய்தான் போய்ப் போய் வருகிறதே!

துக்கம் கேட்க வந்த ஸ்ரீகுமார் என் காதருகே, "அண்ணா, வேற ஒண்ணும் இல்லல்லோ?" என்றார். அதே கேள்வி பல முகங்களில் இருந்தது. மன்னிக்குக் காதில் விழுந்துவிட்டது. அழுகையோடு உரக்கச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. காப்பி குடிச்சார், மாத்திரை போட்டுண்டார், நெஞ்சைப் பிடிச்சுண்டு சாஞ்சார். அவரா போகலை."

காரியங்கள் முடிந்தபின் நேர்த்திக்கடனைப் பற்றி அவரிடம் சொன்னேன். செத்தவனுக்காகத் தேங்காய் உடைப்பதா?

"அந்த வியாதி அவரைக் கொண்டுபோகலையே" என்றார் மன்னி. "போய் உடைங்கோ. நன்னா சத்தம் வரணும்."

நேற்று உடைத்தேன். நன்றாகத்தான் சத்தம் வந்தது. அவன் ஜெயித்தானா, இல்லையா? ஜெயித்தவன் எங்கே?

மோசமான நாட்களில் சேஷன் போனில் சொல்வது ஒன்றுதான். எனக்கென்று அவன் விட்டுப்போனதும் அதுதான். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், என் மனைவியிடம் அதைச் சொன்னேன்: "இன்னிக்கு முடியலை. ஒண்ணும் பேசாதே, வந்து சும்மா உக்காரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.