மாசி மகத்தன்று ஆஜரானோர்

அன்று காலை பத்தரை மணிக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள்: வருவாய் ஆய்வாளர் ஒருவர், சர்வேயர் ஒருவர், கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், அவருடைய பையைத் தூக்கி வந்த தலையாரி ஒருவர், பிள்ளை பெற்று எட்டு நாளான பெண் ஒருத்தி, அவளுக்குத் துணையாக இருந்த நாத்தனார், மடியில் அந்தக் குழந்தை, பிறகு நான். எட்டுப் பேர். குழந்தையைச் சேர்க்காவிட்டால் ஏழு. ஆய்வாளர் சேர்க்கவில்லை.

இருந்திருக்க வேண்டியவர்கள் பதினான்கு குடும்பத்தார். அவர்களுக்குப் பட்டா கொடுக்கலாமா கூடாதா என்று பார்க்கத்தான் மூன்று அதிகாரிகளும் ஏரிக்கரை மண்ணில் இறங்கி நடந்து வந்திருந்தார்கள். பதினான்கு குடிசைகளும் இருந்தன. உள்ளே ஆள் இல்லை.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மனுவும் எழுதிக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். ஆனால் எழுதியதை நம்ப மாட்டேன். சர்வே நம்பரை மூன்று முறை சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், பாதிச் சோற்றில் எழுந்து கடைக்குத் திரும்பி வந்து நான்காம் முறை பார்ப்பேன். "கவலைப்படறதுக்கு யாராவது சம்பளம் குடுத்தா நாம எப்பவோ மாடி கட்டியிருப்போங்க" என்பாள் என் மனைவி.

அந்தக் குடியிருப்பின் தலைவர் முதலில் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தார். என் வயதுதான் இருக்கும். இருளர். முடிச்சூரைத் தாண்டிப் படப்பை போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ஏரித் தண்ணீர் நிரம்பி வழியும் கலங்கல் பக்கம் அவர்கள் குடிசைகள். வயலில் எலி பிடித்து, விறகு வெட்டிப் பிழைத்தவர்கள். ஒரகடத்துப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் வயலெல்லாம் மனை ஆயிற்று. மனைக்காரர் ஒருவர் இவர்கள் குடிசைக்குப் பின்னால் வரை மஞ்சள் கல் நட்டுவிட்டு, "சீக்கிரம் வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போயிருந்தார். அது அவர் நிலமல்ல, அரசுத் தரிசு. ஆனால் கேட்க இவர்கள் கையில் துண்டுக் காகிதம் இல்லை.

"பட்டா பட்டான்றாங்களே, அது ஒங்க கடையில கெடைக்குமா பாய்?" என்று கேட்டார் தலைவர்.

"கடையில கிடைக்காது. மனு போடணும்."

"நாங்க அங்கதான் கீறோம்னு ஊருக்கே தெரியும். அதுக்கு இன்னாத்துக்குப் பேப்பரு?"

"பேப்பர்ல இருந்தாதாங்க இருக்கறதா அர்த்தம்."

அவர் தன்னோடு வந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாமே? இத்தினி வருசமா நாம இல்லவே இல்லியாம்."

அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டவன்தான் நான். பதினான்கு குடும்பத்துக்கும் தனித்தனி மனு எழுதினேன். குடும்பத்துக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன். "பட்டா வந்தா இது என் கூலி. வரலேன்னா திருப்பித் தந்துடுவேன்" என்று நானாகத்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. மனுவின் நகலோடு ரேஷன் கார்டையும் வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, "இதை உசுரு மாதிரி வெச்சுக்கங்க, அதிகாரி வர்ற அன்னிக்கு இது கையில இருக்கணும்" என்றேன். தலைவரின் மனைவி எல்லாவற்றையும் வாங்கி ஒரு ஜவுளிக்கடைக் கவரில் போட்டுத் தானே வைத்துக்கொண்டாள்.

ஏழு மாதம் தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். ஒருநாள் ஆய்வாளர் மேசையிலிருந்து நிமிர்ந்து, "வர்ற வியாழன் இல்ல, அடுத்த வியாழன் வந்து பாத்துடறேன். சரியா பாய்?" என்றார்.

"சரிங்க சார்." யோசிக்கும் முன்னால் வாய் சொல்லிவிட்டது. ஏழு மாதம் காத்த தேதியை யார் யோசிப்பார்கள்?

அன்று மாலையே போய்ச் சொன்னேன். அடுத்த வியாழன், காலை பத்து மணி. எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களோடு ஏழு மாதம் பழகியும் எனக்கு ஒன்று புரியவில்லை. அவர்கள் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தம். சரி என்று அர்த்தமில்லை. வெளியாள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு.

நான் எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். ஜீப் உள்ளே வர வழியில் சேறு இருக்குமோ, அதிகாரிகளுக்கு உட்கார நாற்காலி வேண்டுமே, போட்டோ ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருக்கிறதே. புதன்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு ரயில்வே கேட்டருகே நிற்கும்போது கிழக்கே நிலா வந்துவிட்டிருந்தது. முழுசாக ஆக ஒரு விரற்கடைதான் குறைச்சல். பிறை பார்த்து நோன்பு வைக்கிற வீட்டில் பிறந்தவன் நான். நிலவைப் பார்க்கத் தெரியாதவனில்லை. பார்த்தேன். பார்த்துக்கொண்டே, நாற்காலி நான்கு போதுமா என்று நினைத்தேன்.

மறுநாள் மாசி மகம்.

"எல்லாரும் எங்கம்மா?" என்று அந்தப் பிள்ளை பெற்ற பெண்ணிடம் ஆய்வாளர் கேட்டார்.

"கடலுக்குப் போய்க்கிறாங்க சார். மாபலிபுரம். கன்னிம்மாக்குப் பூஜை. நேத்தே பூட்டாங்க. நான் தீட்டு, அதான் வுட்டுட்டுப் போனாங்க."

"ஆபீசர் வர்றார்னு தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாடகைக்கு எடுத்து வந்த நாற்காலியைப் பார்த்தேன்.

"சார், இவுங்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள் இதான். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். இன்னொரு தேதி..."

"இன்னொரு தேதியா? பாய், அடுத்த வாரம் எனக்கு டிரான்ஸ்பர் வந்தாலும் வரும். நான் கண்ணால பாக்கறதைத்தான் எழுத முடியும். இப்ப என் கண்ணுக்கு என்ன தெரியுது?" அவர் கெட்டவர் இல்லை. குரலைக் குறைத்துக்கொண்டார். "படப்பையில வேற வேலை இருக்கு. முடிச்சிட்டு நாலு மணிக்கு இங்க வர்றேன். ஆளுங்களை ரேஷன் கார்டோட கொண்டாந்து நிறுத்துங்க. எழுதிடறேன்."

மணி பதினொன்று. தாம்பரத்துக்கு ஆட்டோ பிடித்து, வேன் ஸ்டாண்டில் வேன் பேசி, வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று வழி நெடுக வாட்சைப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா பாய், யாராச்சும் சீரியஸா?" ஆமாம் என்றேன்.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது மணி ஒன்று. கோயிலுக்குப் பக்கத்து மணல் முழுக்கக் குச்சி நட்டுப் புடவையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்த இருளர்கள், ஆயிரக்கணக்கில். சிவப்புப் புடவை, பச்சைப் புடவை, மஞ்சள் புடவை, கண் எட்டும் தூரம் வரை. அதில் என் பதினான்கு குடும்பத்தை எப்படித் தேடுவது? நான் ஒவ்வொரு மறைப்பாகத் தலையை நீட்டினேன். சோறு பொங்குகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "யாரு வேணும்?" என்று கேட்டவர்களிடம் "பட்டா, பட்டா" என்று உளறினேன். கடைசியில் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

"அட, நம்ம பாய்! கன்னிம்மாவப் பாக்க வந்துக்கிறாரு டோய்!"

தலைவர். கையில் கருவாடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னிக்கு அதிகாரி வர்றார்னு சொன்னேனே! தலையாட்டினீங்களே!"

"சொன்ன. நானும் நெனச்சேன், மகத்தன்னிக்கு வர்றேன்றாரேன்னு. சரி, அவுருக்குத் தெரியாமயா இருக்கும்?" அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். "கவுர்மெண்டே ஸ்பெசல் பஸ்ஸு வுடுது பாய் எங்களுக்கு. போலீசு நிக்குது, தண்ணி லாரி நிக்குது. நாங்க இங்க கீறோம்னு அந்தக் கவுர்மெண்டுக்குத் தெரியும், இந்தக் கவுர்மெண்டுக்குத் தெரியாதா?"

நான் வாட்சை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

நாலு மணி, ரேஷன் கார்டு, வேன் நிற்கிறது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். விடியற்காலையில்தான் பூஜை. அவர்கள் கூட்டத்தில் ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் அப்போதுதான் தாலிகட்டு. அதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது ஆண்கள் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"கார்டு? மனு நகல்?" என்றேன்.

தலைவரின் மனைவி மறைப்பின் மூலையைக் காட்டினாள். மணலில் ஏழு படி கட்டியிருந்தார்கள். படிக்குப் படி பூ, வெற்றிலை, தேங்காய். மேல் படியில், நான் எழுதிய பதினான்கு மனுக்களின் நகல்களும், பதினான்கு ரேஷன் கார்டுகளும். மேலே மஞ்சள் தூவி, குங்குமம் வைத்து, காற்றில் பறக்காமலிருக்கச் சங்கு ஒன்றைப் பாரமாக வைத்திருந்தார்கள்.

"நீதான உசுரு மாதிரின்ன. அதான் ஆத்தா கிட்டயே குடுத்துட்டோம்" என்றாள் அவள். "காத்தால பூஜை முடிஞ்சாதான் எடுக்கணும் பாய்."

மணி ஒன்றரை. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து கையை நீட்டிவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கப் பிடிக்கவில்லை, ஆனால் விடவுமில்லை.

"பாய், ஒங்க தர்காவுல போத்தன போர்வைய நான் வந்து இஸ்துகினு போவனா?"

என் கை கீழே விழுந்தது. மணல் படியில் நான் அழகாக எழுதிய 'அய்யா அவர்கள்' மஞ்சளில் பாதி மறைந்து தெரிந்தது.

காகிதம் இல்லாமலே ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆளையாவது பார்க்கட்டும். திருப்போரூரில் தேர்த் திருவிழாபோலக் கூட்டம், வண்டி நகரவில்லை. கேளம்பாக்கத்திலிருந்து ஆய்வாளருக்குப் போன் போட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டேன். பின்சீட்டில் ஒருவர், "வேர்க்குது பாரு பாய்க்கு. நம்ம நெலத்துக்கு அவுரு சாவுறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம்.

குடியிருப்பில் இறங்கும்போது ஐந்துக்குப் பத்து நிமிடம். நாற்காலிகள் நான்கும் காலியாக இருந்தன.

"நாலரை வரிக்கும் ஜீப்புலயே குந்திகினு இருந்தாரு" என்றாள் குழந்தைக்காரி. "என் பேர எய்திக்கோ சார், நான் இங்கதான கீறேன்னு சொன்னேன். மனு வூட்டுக்காரரு பேர்ல கீதுன்ட்டாரு."

ஒன்பது பேரும் தங்கள் குடிசைகளைத் தாங்களே பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். தலைவர்தான் பேசினார். "வுடு பாய். வந்ததுக்கு வூட்டயாச்சும் பாத்துகினோம். வண்டியத் திருப்பு, விடிஞ்சா தாலிகட்டு."

அடுத்த வாரம் அறிக்கையின் நகல் கிடைத்தது. 'ஆஜரானோர்' என்ற தலைப்பின் கீழே ஏழு பேர். என் பெயர் ஏழாவது. 'மனுதாரர்கள் எவரும் ஆஜராகவில்லை. குடிசைகள் பூட்டிய நிலையில் இருந்தன. நிரந்தரக் குடியிருப்பு இல்லை.' அந்தக் குடிசைகளில் ஒன்றுக்கும் பூட்டு கிடையாது. மூங்கில் தட்டிதான். மேல்முறையீட்டில் அதை எழுதினேன். மூன்று முறை எழுதினேன். 'ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது' என்று மூன்று முறையும் ஒரே வரி வந்தது.

ஆடி மாதத்தில் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் போனபோது கலங்கல் பக்கம் மனைக்காரரின் காம்பவுண்டுச் சுவர் ஓர் ஆள் உயரம் எழும்பியிருந்தது. சண்டை நடந்ததா என்று டீக்கடையில் கேட்டேன். "சண்டையா? சட்டி பானைய தூக்கிகினு காத்தாலயே பூட்டாங்க. செங்கச்சூளைக்குன்னு சொன்னாங்க" என்றார்கள். எந்தச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர்களைத் தேட எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். அடுத்த மாசி மகத்துக்கு, இந்த முறை காலண்டரைப் பார்த்துக்கொண்டு, பதினான்கு நூறு ரூபாய்த் தாளோடு மாமல்லபுரம் போனேன். புடவை புடவையாகத் தேடினேன். ஐந்து குடும்பம் கிடைத்தது. தலைவர் நூறு ரூபாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாய், மகத்துக்கு மொய்யா?"

அவர் மனைவி இடுப்பிலிருந்து அந்த ஜவுளிக்கடைக் கவரை எடுத்துக் காட்டினாள். மஞ்சள் ஏறிப்போன மனுக்கள், பதினான்கும். "நீ சொன்ன மாதிரியே வெச்சிகினு கீறேன்" என்றாள். "ஆபீசரு எப்ப வர்றாரு?"

அதற்குப் பிறகும் இரண்டு மகத்துக்குப் போய்விட்டேன். மற்றவர்கள் கண்ணில் படவில்லை. தாள்களைத் தனியாக ஒரு கவரில் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது எண்ணிப் பார்த்துவிடுவேன். ஒன்பது குடும்பத்துக்குத் தரவேண்டிய பாக்கி, தொள்ளாயிரம் ரூபாய்.